அடுத்த நட்சத்திரம் யார் என்ற ஆரூடம்

பிரிட்டிஷ் குத்துச்சண்டைக்கென்று ஒரு தனி ஜோசியம் உண்டு. புத்தாண்டு பிறந்ததும் அந்நாட்டு விளையாட்டுப் பக்கங்களில் பட்டியல்கள் முளைக்கும். இந்த ஆண்டு கவனிக்க வேண்டிய இளம் வீரர்கள் யார்? இவர்களில் நாளைய உலக சாம்பியன் யார்? சின்னதாக ஒரு புகைப்படம், உயரம், எடை, இதுவரை எத்தனை சண்டை, அதில் எத்தனை நாக்-அவுட். நம்மில் பலர் வாராவாரம் ராசிபலன் பார்ப்பதுபோல் நான் இந்தப் பட்டியல்களைச் சுமார் முப்பது ஆண்டுகளாகப் படித்துவருகிறேன்.

டெல்லியில் கேபிள் டி.வி. வீட்டுக்கு வீடு நுழைந்த காலத்தில் தொற்றிக்கொண்ட பழக்கம் இது. தொண்ணூறுகளின் நடுவில், ஷெஃபீல்டைச் சேர்ந்த ஏமன் வம்சாவளி இளைஞர் நசீம் ஹமீது, மேல் கயிற்றைப் பிடித்துக் குட்டிக்கரணம் போட்டு ரிங்குக்குள் குதிப்பதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கைகளைத் தொங்கவிட்டபடி, எதிராளியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நிற்பார். திடீரென்று எங்கிருந்தோ ஒரு குத்து விழும். எதிராளி தரையில் கிடப்பார். 1995-ல், 21 வயதில், அவர் உலக சாம்பியன்.

அவரைக் கண்டெடுத்த பயிற்சியாளர் பிரெண்டன் இங்கிள் ஒரு கதை சொல்வார். பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூட மைதானத்தில் மூன்று பையன்களை ஒற்றை ஆளாகச் சமாளித்துக்கொண்டிருந்த ஒரு பொடியனை ஜன்னல் வழியே பார்த்தாராம். பார்த்தவுடன் தெரிந்துவிட்டதாம். ஆரூடக்காரர்கள் அத்தனை பேரையும் கெடுத்தது இந்தக் கதைதான் என்பது என் சந்தேகம். சரியான கண் இருந்தால் போதும், பேருந்து ஜன்னலிலிருந்தே நட்சத்திரத்தை அடையாளம் கண்டுவிடலாம் என்ற நம்பிக்கை அதற்குப் பிறகு யாரையும் விட்டுப் போகவில்லை.

ஆனால் அப்படி அடையாளம் காணப்பட்டவர்கள் என்ன ஆனார்கள்?

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் சூப்பர் ஹெவிவெயிட் இடத்துக்கு இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். ஒருவர் லிவர்பூலைச் சேர்ந்த டேவிட் பிரைஸ். ஆறடி எட்டங்குலம், இடி போன்ற வலது கை, அடக்கமான பேச்சு. மற்றவர் மான்செஸ்டர்க்காரர், இன்னும் ஓரங்குலம் உயரம். அமெச்சூர் போட்டியில் இருவரும் மோதியபோது பிரைஸ்தான் ஜெயித்தார். பெய்ஜிங்குக்குப் போனதும் அவர்தான். அணித் தலைவராகப் போய் வெண்கலத்தோடு திரும்பினார். தொழில்முறைக்கு வந்து தொடர்ச்சியாக 15 வெற்றிகள். பட்டியல்களில் முதல் இடம் அவருக்கே. 2013 பிப்ரவரியில், சொந்த ஊரான லிவர்பூலிலேயே, டோனி தாம்ப்சன் என்ற நாற்பது வயதைத் தாண்டிய அமெரிக்கர் அவரை இரண்டாவது ரவுண்டில் சாய்த்தார். தற்செயல் என்றார்கள். ஐந்து மாதம் கழித்து அதே தாம்ப்சன் மீண்டும் சாய்த்தார். அத்தோடு அந்த ஆரூடம் முடிந்தது.

பெய்ஜிங்குக்குப் போக முடியாத அந்த இன்னொருவர், குறைமாதத்தில் பிறந்தவர். பிழைத்தால் பெரிய போராளியாக வருவான் என்று மைக் டைசனின் பெயரையே தகப்பனார் வைத்தார். டைசன் ஃபியூரி. எடை கூடும், குறையும், வாய் ஓயாது, உடம்பைப் பார்த்தால் விளையாட்டு வீரரென்று சொல்ல முடியாது. 2015 நவம்பரில் ஜெர்மனியின் டுஸல்டார்ஃபில், பதினோரு ஆண்டுகளாகத் தோல்வியே காணாத விளாதிமிர் கிளிட்ச்கோவை 12 ரவுண்டும் திணறவிட்டு உலக ஹெவிவெயிட் பட்டத்தைப் பறித்தவர் அவர்தான்.

இதில் ஆரூடக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் கையில் இருந்த கணக்கே அப்படி. அந்தக் கணக்கு எங்கே, எப்படித் தயாராகிறது என்பதைப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

பர்மிங்ஹாமில் பீட்டர் பக்லி என்று ஒரு தொழில்முறை வீரர் இருந்தார். 2008-ல் ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 300 சண்டைகள். அதில் 256 தோல்வி. பக்லி திறமையில்லாதவர் அல்ல. அவரது தொழிலே அதுதான். வளர்ந்துவரும் உள்ளூர்ப் பையனுக்கு எதிராக, சில சமயம் ஒருநாள் முன்னறிவிப்பில், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பார். அடிபடாமல் சில ரவுண்டுகள் தாக்குப்பிடிப்பார். பையனுக்கு நாலு பாடம் சொல்லிக்கொடுப்பார். பாயிண்டில் தோற்று, கூலியை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார். நசீம் ஹமீதே இளவயதில் பக்லியோடு மோதியவர்தான். தன்னுடைய கடைசிச் சண்டையில் பக்லி ஜெயித்தார் என்பது தனி சந்தோஷம்.

பிரிட்டனின் சிறு அரங்குகள் இப்படிப்பட்டவர்களால்தான் நடக்கின்றன. கிழக்கு லண்டனில் பெத்னல் கிரீன் பகுதியில் 1929-ல் திறக்கப்பட்ட யார்க் ஹால் இருக்கிறது. சுமார் 1,200 பேர் உட்காரலாம். அங்கே முதல் சண்டை போட வரும் பையன் டிக்கெட்டுகளைத் தானே மாமா, சித்தப்பா, பள்ளி நண்பர்கள் என்று விற்றாக வேண்டும். எதிராளியின் கூலி பெரும்பாலும் அந்தப் பணத்திலிருந்துதான் போகிறது. காசு கொடுத்து வரவழைத்த எதிராளி தன் பையனைச் சாய்த்துவிட்டால் அடுத்த முறை டிக்கெட் விற்காது. ஆகவே யார் யாரோடு மோதுவது என்பதைப் பொருத்தம் பார்த்து முடிவு செய்யும் ஆட்கள் இருக்கிறார்கள். கல்யாணத் தரகரை விடக் கவனமாகப் பொருத்தம் பார்ப்பவர்கள். 15-க்கு 15 வெற்றி என்ற எண்ணிக்கை பையனின் திறமையை எவ்வளவு சொல்கிறதோ, அவ்வளவு தரகரின் திறமையையும் சொல்கிறது.

பணம் அதிகமானால் பொருத்தம் இன்னும் சுலபம். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஆட்லி ஹாரிசனுக்கு பி.பி.சி. 10 லட்சம் பவுண்டு கொடுத்து பத்துச் சண்டைகளுக்கு ஒப்பந்தம் போட்டது. அவரது முதல் தொழில்முறை எதிராளி, ஃப்ளோரிடாவில் துப்பறியும் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர். தேசமே டி.வி. முன் உட்கார்ந்து பார்த்தது. பத்து ஆண்டு கழித்து, 2010-ல், ஹாரிசனுக்கு உலகப் பட்டத்துக்கான வாய்ப்பு கிடைத்தபோது, டேவிட் ஹே மூன்றாவது ரவுண்டில் கதையை முடித்தார்.

பட்டம் கிடைத்தவர்களெல்லாம் நட்சத்திரம் ஆகிவிடுவதும் இல்லை. வேல்ஸைச் சேர்ந்த ஜோ கால்ஸாகி 1997-லேயே உலக சாம்பியன். அவர் எப்படிப்பட்டவர் என்று பெருவாரியான ரசிகர்கள் புரிந்துகொள்ள 2006-ல் அமெரிக்கர் ஜெஃப் லேஸியை அவர் துவைத்தெடுக்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒன்பது ஆண்டு. ஒரு சண்டைகூடத் தோற்காமல், 46 வெற்றிகளோடு ஓய்வு பெற்றார்.

மாறாக, ரிக்கி ஹேட்டன். மான்செஸ்டரின் சாதாரணக் குடும்பத்துப் பையன், மான்செஸ்டர் சிட்டி ரசிகர், சண்டைக்கும் சண்டைக்கும் நடுவில் பீர் குடித்துத் தொந்தி வளர்ப்பதை மறைக்காதவர். 2007 டிசம்பரில் ஃப்ளாய்ட் மேவெதரோடு மோத அவர் லாஸ் வேகஸ் போனபோது பிரிட்டனிலிருந்து சுமார் 30,000 பேர் கூடவே போனதாகக் கணக்கிட்டார்கள். பலரிடம் அரங்குக்கு டிக்கெட் இல்லை. ஹேட்டன் தோற்றார். பாட்டு நிற்கவில்லை. இந்தப் பாசம் எந்தப் பட்டியலின் எந்தக் கட்டத்தில் வரும்? மனச்சோர்வோடு தான் பட்ட பாட்டை வெளிப்படையாகப் பேசிவந்த ஹேட்டன் 2025 செப்டம்பரில், 46 வயதில், காலமானபோது மான்செஸ்டரே தன் வீட்டுப் பிள்ளையை இழந்ததுபோல் அழுதது.

இந்தக் குழப்பத்தையெல்லாம் ஒழுங்குபடுத்தத்தான் அரசாங்க ஆதரவில் ஷெஃபீல்டில் ஒரு நர்சரி இருக்கிறது. லாட்டரிப் பணத்தில் நடப்பது. நாடு முழுவதிலுமிருந்து சலித்தெடுத்த அமெச்சூர் வீரர்கள் அங்கே தங்கிப் பயில்கிறார்கள். உணவு, எடை, தூக்கம், எதிராளியின் வீடியோ எல்லாவற்றுக்கும் நிபுணர்கள் உண்டு. 2012 லண்டனில் ஐந்து பதக்கம், டோக்கியோவில் ஆறு. ஆரூடத்துக்கு இதைவிட நல்ல அடித்தளம் வேண்டுமா? ஆனால் 2024 பாரீஸில் ஒரே ஒரு வெண்கலம்.

அந்த நர்சரியில் நெடுங்காலம் வளர்ந்தவர்களில் ஃப்ரேஸர் கிளார்க் ஒருவர். டோக்கியோவில் வெண்கலம் வென்ற ஹெவிவெயிட். அவருக்கு எதிர்த்துருவம் இப்ஸ்விச் நகரின் ஃபேபியோ வார்ட்லி. ஆட்களுக்கு வேலை பிடித்துக்கொடுக்கும் நிறுவனத்தில் மேசை உத்தியோகம். ஆபீஸ்காரர்கள் ஆசைக்காக, தர்ம காரியத்துக்கு நிதி திரட்ட, சில வாரம் பயிற்சி எடுத்துக்கொண்டு மோதும் 'வொயிட் காலர்' குத்துச்சண்டை என்று ஒன்று அங்கே உண்டு. வார்ட்லியின் மொத்த முன்னனுபவமும் அப்படி நான்கு சண்டைகள். 2024 மார்ச்சில் இருவரும் மோதியது டிரா. அக்டோபரில் மறுபடி மோதினார்கள். முதல் ரவுண்டிலேயே கிளார்க் விழுந்தார். முகத்தில் எலும்பு முறிவு. வார்ட்லி 2025 அக்டோபரில் நியூஸிலாந்தின் ஜோசப் பார்க்கரையும் சாய்த்தார். அடுத்த மாதமே டபிள்யூ.பி.ஓ. ஹெவிவெயிட் பட்டம் அவரிடம் வந்து சேர்ந்தது. ஷெஃபீல்டின் நிபுணர்கள் எவரும் வார்ட்லியைச் சலித்தெடுக்கவில்லை. அவர்கள் சல்லடையிலேயே அவர் விழவில்லை.

அப்படியானால் ஒருவரைப் பற்றி நிச்சயமாக எப்போதுதான் தெரியவரும்? இத்தனை ஆண்டு பார்த்ததில் எனக்குப் படுவது ஒன்றுதான். அவர் கொடுக்கும் அடியில் தெரியாது. வாங்கும் அடியில்தான் தெரியும்.

ஆமிர் கான் பதினேழு வயதில் ஏதென்ஸ் ஒலிம்பிக் வெள்ளியோடு திரும்பியபோது பிரிட்டனின் செல்லப் பிள்ளை. 2008 செப்டம்பரில் கொலம்பியாவின் ப்ரெய்டிஸ் ப்ரெஸ்காட் அவரை 54 வினாடியில் சாய்த்தார். தாடை கண்ணாடி என்றார்கள், கதை முடிந்தது என்றார்கள். பத்தே மாதத்தில் உலக சாம்பியன். நசீம் ஹமீது அதற்கு நேர்மாறு. 2001 ஏப்ரலில் மெக்ஸிகோவின் மார்கோ அன்டோனியோ பாரெரா லாஸ் வேகஸில் அவருக்கு 12 ரவுண்டும் பாடம் நடத்தினார். விழவில்லை, ரத்தக்களறி இல்லை, வெறும் தோல்வி. அதன் பிறகு ஒரே ஒரு சண்டை. அவ்வளவுதான் ஹமீது. முப்பது வயதுகூட ஆகவில்லை.

ஒரே ஆளைப் பற்றி ஐந்து ஆண்டுக்குள் நான்கு ஆரூடம் மாறியதைப் பார்க்க வேண்டுமென்றால் லண்டனின் டேனியல் டூப்வாவைப் பார்க்க வேண்டும். 2020 நவம்பரில், காலி அரங்கில், ஜோ ஜாய்ஸின் இடது கைக் குத்துகள் ஓயாமல் விழுந்து அவரது இடது கண் மூடிக்கொண்டது. பத்தாவது ரவுண்டில் முழங்காலில் உட்கார்ந்து, நடுவர் பத்து எண்ணும் வரை எழாமல் இருந்தார். கண்குழி எலும்பு உடைந்திருந்தது என்று பிறகு தெரிந்தது. அதற்குள் 'பயந்தாங்கொள்ளி' என்று முன்னாள் வீரர்களே சொல்லியாகிவிட்டது. 2023-ல் உக்ரைனின் அலெக்ஸாண்டர் உஸிக்கிடம் தோல்வி; இனி தேறமாட்டார் என்றார்கள். 2024 செப்டம்பர் 21 அன்று, வெம்ப்ளி ஸ்டேடியத்தில் 96,000 பேர் முன்னிலையில், ஆந்தனி ஜோஷுவாவை ஐந்தாவது ரவுண்டில் சாய்த்தார். இவர்தான் அடுத்த யுகம் என்றார்கள். 2025 ஜூலையில் அதே வெம்ப்ளியில், அதே ஐந்தாவது ரவுண்டில், உஸிக் அவரைச் சாய்த்தார்.

கண்குழி உடைந்த நிலையில் உட்கார்ந்துவிட்ட ஓர் இளைஞனின் முடிவு கோழைத்தனமா, புத்திசாலித்தனமா? உட்கார்ந்ததால்தான் அவருக்கு வெம்ப்ளி கிடைத்தது என்பது என் கட்சி. பார்வை போயிருந்தால் எந்த யுகமும் இல்லை.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. அடி வாங்கும்போதுதான் தெரியும் என்றால், 'இவன் தேறுவானா?' என்று ஆவலோடு கேட்கும் நம் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: 'இவன் எப்போது நன்றாக அடி வாங்குவான்?' பதில் தெரிய வேண்டுமானால் யாராவது அவனை அடித்தாக வேண்டும். ரிங்குக்கு வெளியே இருக்கும் நமக்கு அது ஒரு தகவல்.

அதே செப்டம்பர் 21-ம் தேதி, 1991. லண்டன் டாட்டன்ஹாம் கால்பந்து மைதானம். மைக்கேல் வாட்ஸனும் கிறிஸ் யூபாங்கும் மோதினார்கள். வாட்ஸன் அன்றைய பட்டியல்களின் நியாயமான நட்சத்திரம். பதினோராவது ரவுண்டில் யூபாங்கைத் தரையில் வீழ்த்தினார். உலகப் பட்டம் கைக்கெட்டும் தூரம். எழுந்த யூபாங்க் சில வினாடிகளில் கொடுத்த ஒரே ஒரு மேல்நோக்கிய குத்தில் வாட்ஸன் பின்னால் சரிந்தார். அடுத்த ரவுண்டில் சண்டையை நிறுத்தினார்கள். வாட்ஸன் 40 நாள் கோமாவில் கிடந்தார். மூளையில் ஆறு அறுவை சிகிச்சைகள். ரிங்கருகே உடனடியாக உயிர்காக்கும் சிகிச்சை தர ஏற்பாடு இல்லை. பிரிட்டிஷ் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மீது அவர் தொடுத்த வழக்கில் 1999-ல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது, மேல்முறையீட்டிலும் நிலைத்தது. இன்று அங்கே ரிங்கருகே மயக்க மருந்து நிபுணரும் ஆம்புலன்ஸும் இல்லாமல் சண்டை தொடங்காது. ஆண்டுதோறும் மூளை ஸ்கேன் கட்டாயம். இன்றைய இளம் வீரர்களின் பாதுகாப்புக்கு வாட்ஸன் கொடுத்த விலை அது. 2003-ல் அவர் லண்டன் மாரத்தான் தூரத்தை ஆறு நாளில் நடந்து முடித்தார். கூட நடந்தவர்களில் யூபாங்கும் ஒருவர்.

இதையெல்லாம் பேச எனக்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது. அக்கா மகன் கார்த்திக் புனேயில் இன்ஜினீயரிங் படிக்கிறான். சாயங்காலமானால் குத்துச்சண்டைப் பயிற்சி. 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியின் சூப்பர் ஹெவிவெயிட் இறுதிச் சுற்றில் ஹரியானாவின் சாகர் அலாவத், இங்கிலாந்தின் டெலிஷியஸ் ஓரியிடம் தோற்றதைப் பார்த்த நாளிலிருந்து பிடித்துக்கொண்டது. ஓரி எங்கே போகிறார், என்ன செய்கிறார் என்று கவனித்து எனக்குத் தகவல் அனுப்புவான். பெய்ஜிங்கில் வெண்கலம் வென்ற விஜேந்தர் சிங் 2015-ல் மான்செஸ்டருக்குப் போய்த்தான் தொழில்முறை வீரரானார். நிஷாந்த் தேவை 2025-ல் களம் இறக்கியதும் ஒரு பிரிட்டிஷ் நிறுவனம்தான். ஆகவே பிரிட்டனின் பட்டியல் அங்குள்ள பையன்களுக்கு மட்டுமான சமாச்சாரம் அல்ல என்பது அவன் கட்சி.

போன வருஷம் அக்கா போன் செய்தாள். "டேய், அவன் படிப்பு முடிஞ்சதும் இதிலயே இறங்கப்போறேங்கறான். நீ சொன்னாத்தான் கேப்பான். என்ன சொல்லுவியோ தெரியாது, சொல்லு."

"வேணாம்னு சொன்னா கேக்கற வயசா அக்கா அது?" என்றேன்.

"அப்ப வேற ஏதாவது சொல்லு" என்று வைத்துவிட்டாள்.

நான் கார்த்திக்கிடம் ஓரியைப் பற்றிப் பேசினேன். மாஸ்கோவில் பிறந்தவர், அப்பா நைஜீரியர், அம்மா ரஷ்யர். சிறு வயதில் பிரிட்டனுக்கு வந்தவர். பர்மிங்ஹாம் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் நிர்வாகமும் படித்து முதல் வகுப்பில் தேறியவர். காமன்வெல்த் தங்கம். அடுத்த ஜோஷுவா என்று எல்லோரும் முத்திரை குத்தினார்கள். பாரீஸ் ஒலிம்பிக்கில் முதல் சண்டையிலேயே தோல்வி. ஆனாலும் ஃப்ராங்க் வாரன் போன்ற பெரிய புரமோட்டர் ஒப்பந்தம் போட்டார். 2025 ஏப்ரலில் மான்செஸ்டரில் முதல் தொழில்முறைச் சண்டை, வெற்றி. மே மாதம் ஓர் அறிவிப்பு: விலகுகிறேன். இந்த விளையாட்டின் மீதிருந்த ஆசை போய்விட்டது, அரை மனதோடு இதைச் செய்ய முடியாது என்ற அர்த்தத்தில் சொன்னார். ஒரே ஒரு சண்டை, ஒரு வெற்றி, தோல்வி பூஜ்யம்.

கார்த்திக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவர் பயந்துட்டாருன்னு சொல்றீங்களா மாமா?" என்றான்.

"இல்லடா. இனிமே இது தன்னோட ஆசை இல்லை, மத்தவங்களோட ஆசைன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. அது தெரிஞ்ச அப்புறமும் ரிங்குல நிக்கறவங்களுக்குத்தான் பெரிய அடி விழும்" என்றேன். அவன் பயிற்சியை விடவில்லை. அக்காவுக்கு என்மேல் கோபம்தான். ஆனால் படிப்பு முடிகிறவரை எந்த முடிவும் எடுப்பதில்லை என்று அவனாகவே அவளிடம் சொல்லியிருக்கிறான்.

இவ்வளவு சொல்லியும், வாசகர்கள் விடமாட்டார்கள் என்பது தெரியும். பெயர்கள் எங்கே?

முதல் பெயர் மோசஸ் இட்டாமா. 2004 டிசம்பரில் ஸ்லோவாகியாவில் பிறந்தவர், கென்ட் மாவட்டத்தின் சாதம் நகரில் வளர்ந்தவர். இடது கைக்காரர். 2025 ஆகஸ்ட் நிலவரப்படி 13 சண்டை, 13 வெற்றி, 11 நாக்-அவுட். அந்த மாதம் ரியாத்தில் டில்லியன் வைட் என்ற பழம் தின்று கொட்டை போட்ட ஹெவிவெயிட் அவர் முன்னால் ஒரு ரவுண்டு தாங்கவில்லை. மைக் டைசனை முந்தி உலகின் மிக இளைய ஹெவிவெயிட் சாம்பியன் ஆக வேண்டும் என்று அவரும் அவரைச் சுற்றியிருந்தவர்களும் பேசினார்கள். அந்த வயது வரம்பு 2025-லேயே கடந்துபோனது. நல்லதாகப் போயிற்று என்பேன். பிறருடைய கடிகாரத்தைப் பார்த்து ஓடுவது அவருக்கு இனி மிச்சம்.

இட்டாமாவைப் பற்றி எண்ணிக்கை சொல்லாத ஒரு செய்தி உண்டு. அவரது முதல் தொழில்முறைச் சண்டை 2023 ஜனவரியில் லண்டன் வெம்ப்ளி அரங்கில். 23 வினாடியில் முடிந்தது. அதே இரவு, அதே ரிங்கில், அவருடைய அண்ணன் கரோல் நாக்-அவுட் ஆனார். அண்ணனும் அதுவரை தோல்வி காணாதவர்தான். தொழிலின் இரண்டு முகத்தையும் தன் வீட்டுக்குள்ளேயே ஒரே நாளில் பார்த்துவிட்ட பதினெட்டு வயதுப் பையன், அதற்குப் பிறகும் இவ்வளவு நிதானமாக நிற்கிறார் என்பதுதான் அவர்மேல் எனக்குள்ள நம்பிக்கைக்குக் காரணம். 23 வினாடி அல்ல.

இரண்டாவது பெயர், டேனியல் டூப்வாவின் தங்கை கேரலின். 2001-ல் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது லண்டனின் புகழ்பெற்ற ரெப்டன் கிளப்பில் பெண்களுக்கு இடமில்லை என்பதால், 'காலின்' என்ற பையனாகச் சொல்லிச் சேர்த்துவிட்டார் தகப்பனார். பிரிட்டனில் பெண்களுக்குத் தொழில்முறை உரிமம் கிடைத்ததே 1998-ல், ஜேன் கௌச் சட்டப் போராட்டம் நடத்திய பிறகுதான். 2012-ல் நிகோலா ஆடம்ஸ் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய பிறகு கதவு நன்றாகவே திறந்தது. 2025 மார்ச்சில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பெண்கள் மட்டுமே மோதிய ஒரு முழு இரவு நடந்தது. அங்கே கேரலினும் ஜெயித்தார். பாட்டி, தாத்தாவிடம் வளர்ந்த வேல்ஸ் பெண் லாரன் பிரைஸ் அதே இரவில் நடாஷா ஜோனாஸை வென்று பட்டங்களைக் குவித்தார். பொருத்தம் பார்க்கும் தரகர்கள் பெண்கள் பக்கம் இன்னும் அவ்வளவு நுழையவில்லை. நல்லவர்கள் நல்லவர்களோடு சீக்கிரமே மோதுகிறார்கள். ஆகவே அங்கே எண்ணிக்கையைக் கொஞ்சம் கூடுதலாக நம்பலாம்.

மூன்றாவதாக பென் விட்டேகர். டோக்கியோ வெள்ளி. ஹமீது பாணியில் கோமாளித்தனம் செய்துகொண்டே குத்துபவர். 2024 அக்டோபரில் ரியாத்தில் லியாம் கேமரனோடு கட்டிப்புரண்டு இருவரும் கயிற்றைத் தாண்டி வெளியே விழுந்தார்கள். விட்டேகரால் தொடர முடியவில்லை, டிரா. நாடே சிரித்தது. 2025 ஏப்ரலில் மறுபடி மோதி, வேடிக்கை எதுவும் காட்டாமல் இரண்டாவது ரவுண்டிலேயே வேலையை முடித்தார். சிரிப்பு ஓர் அடிதான். அதை வாங்கிக்கொண்டு எழுந்தவர் என்ற முறையில் பட்டியலில் இடம் கொடுக்கிறேன்.

இவர்களில் எவருக்கும் நான் பந்தயம் கட்டமாட்டேன். இட்டாமாவின் அடுத்தடுத்த சண்டைகளில் எனக்கு வேண்டியது இன்னொரு ஒரு ரவுண்டு நாக்-அவுட் அல்ல. எதிராளி ஐந்தாறு ரவுண்டு தாங்கி நின்று, திருப்பியும் அடிக்கிற இரவு ஒன்று வரும். அப்போது கேமரா இட்டாமாவின் முகத்தைக் காட்டும். நான் அவரது மூலையில் துண்டோடு நிற்கும் பயிற்சியாளரைத் தேடுவேன். பையன் எழ வேண்டிய நேரம் எது, உட்கார வேண்டிய நேரம் எது என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தால், இட்டாமா நாற்பது வயதில் தன் பேரைத் தானே தெளிவாகச் சொல்லிக்கொண்டு நடமாடுவார். பட்டமும் அனேகமாகக் கிடைத்திருக்கும்.